ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல்

முட்டுதா சார் என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். ஸ்கேன் சென்டரில் பெயர் கூப்பிடும் மேசையில் இருப்பவள் அவள்; நல்லா முட்டுனா வந்து சொல்லுங்க, அப்பதான் டாக்டர் உள்ளே கூப்பிடுவாங்க என்று வந்தவுடனேயே சொல்லித் தண்ணீர்க் கேனைக் காட்டிவிட்டாள். இன்னும் இல்லை என்றேன். முழு உண்மையன்று. அடிவயிற்றில் ஒரு கனம் வந்து உட்காரத் தொடங்கிவிட்டது. ஆனால் அவள் சொன்ன 'நல்லா' எந்த அளவிலிருந்து தொடங்குகிறது என்று தெரியாமல் ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்லுக்கும் அதன் பக்கத்துச் சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தே ஆயுளைக் கழித்தவனுக்குச் சிறுநீர் கழிக்கவும் வரையறை வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் குவளையில் இன்னொரு முறை பிடித்துக் குடித்தேன். தண்ணீரில் கேனின் வாடை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாளையங்கோட்டையின் ஆடிக் காற்று புழுதியை வாரி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களின் மேல் இறைத்துக்கொண்டிருந்தது. என் மகள் நாச்சியார் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். நடுவிலிருக்கும் நாற்காலியில் அவளுடைய கைப்பை. அதை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அல்லது, ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயம் செய்து வெற்றிலை மாற்றியிருக்கிறோம். அல்லது, இன்று என் வயிற்றுக்குள் தெரியப்போவதைப் பார்த்துவிட்டு ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மூன்றும் ஒரே செய்தியின் மூன்று வடிவங்கள். மூன்றாவதுதான் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. நாங்க ஒண்ணும் சந்தேகப்படல அண்ணாச்சி என்று மாப்பிள்ளையின் தாயார் ஆவுடையம்மாள் தென்காசியிலிருந்து போனில் சொன்னாள்; வம்சத்தில் வருவதா, இல்லையா என்று மட்டும் தெரிந்தால் மனசுக்கு நிம்மதி, பிள்ளையைப் பெற்றவள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாள், நீங்களாவது ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் அவனுடைய மாமாமார்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கும் என்றாள். அதற்கென்ன, எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். மகளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. சொல்லிவிட்டு வந்து நின்றபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவள் கால்நடை மருத்துவர், சேரன்மகாதேவிப் பக்கத்தில் வேலை. "மாடு வாங்க வாரவங்ககூடத் தாய்மாட்ட ஸ்கேன் பண்ணச் சொல்ல மாட்டாங்கப்பா." சொல்லிவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதெல்லாம் உப்பு, கேஸ், கதவு.

அவளுக்கு இருப்பது நோயன்று. இதை எத்தனை வாசலில் சொல்லியாயிற்று. விடுதியில் தங்கிப் படித்தபோது காய்ச்சல் விடாமல் அடித்து, இடுப்பில் வலி என்று ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது: இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு இறங்குகின்றன. டூப்ளெக்ஸ் கிட்னி என்றார் அந்த மருத்துவர், பெரிய புதையலைக் கண்ட மாதிரியும் இல்லை, துக்கம் கேட்க வந்த மாதிரியும் இல்லை, பஸ் வரும் நேரத்தைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். தாயின் வயிற்றிலேயே அப்படி அமைந்துவிடுகிறது, நூறு பேரைப் படுக்கவைத்துப் பார்த்தால் ஒருவருக்கு இருக்கலாம், பலருக்குச் சாகும்வரை தெரிவதேயில்லை; சிலருக்கு மட்டும் சிறுநீர் மேலே திரும்பும், கிருமி தங்கும், உனக்கு அதுவும் பெரிதாக இல்லை; தண்ணி நிறையக் குடிம்மா, வந்தா அடக்காத, காய்ச்சல் வந்தா மருந்துக் கடைக்குப் போகாம இங்க வா, அவ்வளவுதான். அவ்வளவுதான் செய்தாள். அவள் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தண்ணீர்ப் பாட்டில் தொங்கும். எந்த ஊரில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்குக் கலெக்டருக்குத் தெரியாது. கன்று மாட்டிக்கொண்ட பசுவின் முன்னால் அரைநாள் மல்லுக்கட்டுவாள், ஆனால் நடுவில் ஒரு முறை கையைக் கழுவிக்கொண்டு, இந்தா வந்துட்டேன் என்று அந்த வீட்டுக்குள் போய்விட்டு வருவாள். வெட்கமில்லை. அடக்கிக்கொண்டு நல்ல பெயர் வாங்குவதைவிட இது மேல் என்பாள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றைக்குச் சங்கரவடிவு, என் மனைவி, அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எதற்கு அழுகிறாய், ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் குறையா, நிறைவா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அழுகைக்கு நடுவில் சிரித்த அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அவள் இல்லை. அவள் இருந்திருந்தால் அவளையும் இங்கே கூட்டிவந்து தண்ணீர் குடிக்கவைத்திருப்பார்கள். புருசனும் பெண்டாட்டியும் முட்டும்வரை வரிசையாக உட்கார்ந்திருப்போம்.

வாசல் என்றவுடன் நெஞ்சில் ஏதோ சிக்குகிறது, பிறகு விட்டுவிடுகிறது. அடிவயிறு இப்போது ஒரு தம்ளர் அன்று, ஒரு செம்பு. நான் ஏசல் பாட்டு சேகரித்தவன், கல்லூரியில் அதையே பாடமாக நடத்தியவன். கல்யாண வீட்டில் பெண்வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் மாப்பிள்ளைவீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பாட்டாலேயே கிழிப்பார்களே, அதுதான். ஒரே ஏசலைத் தாமிரபரணிக்கு இந்தக் கரையில் ஒரு விதமாகவும் அந்தக் கரையில் ஒரு விதமாகவும் பாடுவார்கள். எந்த அடி எங்கே மாறியது, எந்தக் கல்யாணத்தில் எந்த மருமகள் எந்த ஊருக்குக் கொண்டுபோனாள் என்று பின்னோக்கி நடந்து நடந்து ஊற்றுக்கண்ணைத் தேடுவது என் தொழில். மாறுகண் மாப்பிள்ளையைப் பாடுவார்கள், மாமியாரின் பல்லைப் பாடுவார்கள், சம்பந்தியின் தொந்தியைப் பாடுவார்கள். முகத்துக்கு நேராகப் பாடுவார்கள். அப்படிப் பாடிய எந்தக் குறையாலும் ஒரு கல்யாணமும் நின்றதாக நான் கேட்டதில்லை. எதிர்ப்பக்கத்துக்காரி பதில் அடியை எடுப்பாள், அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும். பாடாமல் வைத்துக்கொண்டதுதான் பின்வாசல் வழியாகப் போய்க் கல்யாணத்தை நிறுத்தும். இப்போது யாரும் பாடுவதில்லை. போனில் சொல்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த சில நாளில், ஒரு புதுமனைப் புகுவிழாப் பந்தியில், எதிரே இருந்த தூரத்து உறவினர் ஒருவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, நம்ம நாச்சியாருக்கு அந்தச் சிறுநீர்ச் சமாசாரம் எல்லாம் சரியாப் போச்சுல்லா என்று கேட்டார். பாயசத்தைத் தள்ளிவைத்தேன். இது இவருக்கு எப்படித் தெரியும். இவருக்குத் தெரிந்தால் யாருக்குத் தெரியாது. தென்காசிக்கு எட்டிவிட்டதா. எட்டுவதற்குள் ஊற்றைக் கண்டுபிடித்து அடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அடைப்பதற்கு வழியா இல்லை, நான் வேறு எதற்காகப் பிறந்தேன்.

உறவினர் வீடு ஒவ்வொன்றாகப் போனேன். டவுனில், மேலப்பாளையத்தில், பேட்டையில், அம்பாசமுத்திரத்தில்கூட. காப்பி குடித்தேன், பேரப்பிள்ளைகளின் மார்க்கை விசாரித்தேன், பிறகு செருப்பைத் தேடுகிற நேரத்தில் கேட்டேன்: பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வருகிறதே, நீங்கள் யார் சொல்லிக் கேட்டீர்கள், கேட்ட வாசகம் மாறாமல் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளவில்லை, எழுதினால் பயப்படுவார்கள், மனதில் வாங்கினேன். எத்தனை வடிவம். பேட்டையில் அவளுக்கு மூன்று சிறுநீரகம். டவுனில் இரண்டும் ஒட்டிப் பிறந்து ஒன்றாகிவிட்டது. மேலப்பாளையத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பாதி. அம்பாசமுத்திரத்து மைனி ஒருத்தி, டாக்டருக்குப் படிச்ச பிள்ளை தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டு ஓட்டுதாளாம், பாவம் என்றாள். ஒருவர் இன்னும் மேலே போய், என் தகப்பனார் அந்தக் காலத்தில் ஒரு சிறுநீரகத்தை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார் என்றார். அவர் பல் பிடுங்கவே பயந்து செத்தவர். கசப்புக்கு நடுவிலும் ஒரு குறுகுறுப்பு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு செய்தி என் கண்ணெதிரில் கிளைவிட்டுக்கொண்டிருந்தது, பாட்டுகள் விஷயத்தில் நூறு வருடம் பிந்திப்போய்ப் பார்ப்பதை இங்கே பச்சையாகப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி. தேய்ந்த வடிவம் தூரத்தது, நிறைந்த வடிவம் ஊற்றுக்குப் பக்கத்தது. நிறைந்த வடிவம் ஒரே ஒருத்தியிடம் இருந்தது. இடது பக்கம், ரெண்டு குழா, நோயில்ல, பிறவி அமைப்பு, ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் மாதிரின்னு வச்சுக்கோயேன் என்று ஒரு சொல் சிந்தாமல் சொன்னாள். என் தங்கை பிரமாச்சி. வாசல் உவமை அவளுக்கு அடுத்தபடியாக இரண்டு வீடுகளில் தேய்ந்தும் தேயாமலும் கிடந்தது, ஒரு வீட்டில் சன்னலாகக்கூட மாறியிருந்தது. அதற்கு அப்பால் எங்கும் இல்லை. ஆகவே அவள்தான். எவ்வளவு அழகான உவமை, படிக்காதவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்துகொண்டே அவளை வெறுத்தேன். அன்று அவள் வீட்டு வாசலைத் தாண்டியவன் பிறகு அவளோடு பேசவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. அடுத்த வாரமே தென்காசியிலிருந்து ஆவுடையம்மாள் கூப்பிட்டுவிட்டாள். நாங்க ஒண்ணும் சந்தேகப்படல அண்ணாச்சி.

இப்போது முட்டுகிறது. சொல்லலாம். சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் தாங்கலாம் என்று உடம்பு பழைய பழக்கத்தில் சொல்கிறது. பாடுகிறவள் நடுவில் நிறுத்தினால் மறுபடி அந்த இடம் கிடைக்காது. ஒலிப்பதிவுக் கருவி சுற்றிக்கொண்டிருக்கும், அவள் கண்ணை மூடியிருப்பாள், எனக்கு முட்டிக்கொண்டு வரும், எழுந்தால் பாய் சரசரக்கும், அவள் கண்ணைத் திறப்பாள், அவ்வளவுதான், பிறகு வருவதெல்லாம் ஒட்டுப்போட்டது. ஆகவே அடக்குவேன். தொடையை நெருக்கிக்கொண்டு, முகத்தில் ரசனையை வைத்துக்கொண்டு, மத்தியானங்களை முழுக்க அடக்கியிருக்கிறேன். ஒரு முறை களக்காட்டில் ஒருத்தி பாடிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு, அய்யா அழுதாரு பாருங்க என்றாள், அழவில்லை. அன்றைய என் வயிற்றுக்குள்ளும் இரண்டு குழாய் இறங்கிக்கொண்டிருந்ததா. கிணற்றுத் தண்ணீர், ஊருணித் தண்ணீர், தண்ணீரே இல்லாத நாட்கள், பஸ்ஸில் நின்றே போன தூரங்கள், எல்லாவற்றையும் அது தாங்கியதா, அல்லது அங்கே ஒன்றும் இல்லாததால் தாங்க ஒன்றுமே இல்லையா. அறுபத்தேழு வயதுவரை தன்னுள் இருப்பது தெரியாமல் ஒருவன் நன்றாகவே வாழ்ந்திருக்கலாம். தெரிந்தபின் வாழ்வதுதான் ஊராருக்குப் பிரச்சினை. எனக்கு இருந்தால், பார்த்தீர்களா, இவ்வளவு வயதுவரை நன்றாக இருக்கிறார் என்று ஒரு மாமா சொல்வார். பார்த்தீர்களா, வம்சத்திலேயே இருக்கிறது, நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கும் வரும் என்று இன்னொரு மாமா சொல்வார். எனக்கு இல்லையென்றால், அப்படியானால் தாய்வழி, செத்துப்போனவளை எப்படிப் பார்ப்பது, அவள் எதில் செத்தாள் என்று தொடங்கும். சங்கரவடிவு மூளையில் ரத்தம் கசிந்து போனாள். அது சிறுநீரகத்துக்கு இறங்கிவர ஒரு பந்தி போதும். ஆக எந்தப் படம் வந்தாலும் அதற்கு இரண்டு வாசிப்பு. இது தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டேன். காகிதம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு நின்றுவிடும் என்று, பேச்சின் இயல்பை நாற்பது வருடம் படித்த நான், நம்பினேனா. நாச்சியார் எழுந்து போய் என் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் அவள் அம்மாவின் விரல்கள். நயினார் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை ஆறுமுகநயினார், மின்வாரியத்தில் இன்ஜினியர், அமைதியான பையன், என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். கேட்கவில்லை. கேட்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவனுக்குச் சொந்த மகளிடம் கேட்க வாய் வராதது என்ன சாபம்.

கண்ணாடிக் கதவு திறந்து புழுதியோடு பிரமாச்சி உள்ளே வந்தாள். நான் வரச்சொன்னேன்ப்பா என்றாள் நாச்சியார், நான் கேட்பதற்கு முன்பே. பிரமாச்சி எனக்கு நேரெதிரில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, நடக்கமுடியல, ஆட்டோ கெடைக்கல என்று யாரிடமோ சொன்னாள். நான் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைத்தாய்ச்சி படத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் செவரப் பாப்பீங்க என்று நாச்சியார் முணுமுணுத்தாள். பிரமாச்சிதான் தொடங்கினாள். ஒரு மாசமாகப் போன் பண்ணுகிறேன், எடுக்கவில்லை, தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வயிற்றின் முட்டல் வாயைத் தள்ளிவிட்டது. நீதான் ஊரெல்லாம் சொன்னாய், எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன் என்று, வகுப்பில் சொல்வதைப் போலவே, மூன்று சிறுநீரகத்திலிருந்து தொடங்கிக் கிளை கிளையாக இறங்கி, வாசலும் சன்னலும் வரை வந்து நிறுத்தினேன். நிறைந்த வடிவம் உன்னிடம்தான் இருந்தது என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போடும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். "அண்ணே, அந்த வாசல நீதான சொன்ன. என் வீட்டு நடையில நின்னு, செருப்ப மாட்டிக்கிட்டே சொன்ன. யாரு சொன்னான்னு நீ கேட்ட. எனக்கு ஒண்ணும் தெரியாதே, என்ன சங்கதின்னு நான் கேட்டேன். நீதான் எடது பக்கம், ரெண்டு குழான்னு விளக்கமாச் சொல்லிட்டு, இப்பச் சொல்லு, நீ எப்படிக் கேட்டன்னு திருப்பிக் கேட்ட. கேட்டத அப்படியே திருப்பிச் சொன்னேன்." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. சங்கரவடிவு இருந்தபோது ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடந்தது எல்லோருக்கும் தெரியும், எதோ காய்ச்சல், எதோ சிறுநீர் என்று எல்லோரும் கேட்டோம், அன்றைக்கே மறந்தோம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது அது. நீ போன பிறகுதான் பேட்டைக்காரி எனக்குப் போன் பண்ணி, உன் அண்ணன் வந்து என்னமோ கேட்டுட்டுப் போறாரே, என்னட்டி பெருசா ஏதும் இருக்கோ என்றாள், அவளுக்குப் பிறகு டவுன்காரி. "செத்துக் கெடந்த பேச்சுண்ணே. நீ வீடு வீடாப் போயி எழுப்பிவிட்டுட்டு வந்திருக்க."

மேசைக்காரப் பெண் யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். காதுக்குள் என் குரலே கேட்டது, வகுப்பறையில், வருடா வருடம், முதல் நாள் பாடமாக: களத்தில் நீங்கள் அடியை எடுத்துக் கொடுக்காதீர்கள், நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அவள் உங்கள் அடியை உங்களுக்கே திருப்பிப் பாடுவாள், நீங்கள் அதைப் பொக்கிஷம் என்று கொண்டுவருவீர்கள். எத்தனை ஆய்வேடுகளை இந்த ஒரு குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். செத்த பாட்டைக் கேட்டுக் கேட்டே உயிர்ப்பித்தவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேட்டால் உயிர் வரும். எதைக் கேட்டாலும் வரும். சங்கரவடிவைச் சிரிக்கவைத்த உவமையை எடுத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதைக் கண்டு, யாருடையது இவ்வளவு அழகு என்று வியந்திருக்கிறேன். தென்காசிக்கு எது போனது என்று நாச்சியாரைப் பார்த்துக் கேட்டேன், அல்லது கேட்டதாக நினைத்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள். நயினாரிடம் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாளாம், பெண் பார்க்க வந்த அன்று மொட்டைமாடியில். அவன் சரி என்றானாம், தண்ணி பாட்டில் வாங்கித் தாரேன் என்று சிரித்தானாம். அவன் அம்மாவுக்கும் அன்றைக்கே தெரியும். அவர்களுக்கு அது ஒரு விஷயமாக இல்லை. பிறகு பெண்ணின் அப்பா வீடு வீடாக விசாரித்துக்கொண்டு திரிகிறார் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து தகவல் போயிருக்கிறது. "ஒண்ணும் இல்லாததுக்கா அவரு இப்படி அலையுதாருன்னு கேட்டாங்களாம்ப்பா." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கன்று ஏன் செத்தது என்று வீட்டுக்காரனுக்கு விளக்கும் குரல் அது. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்றேன். ஸ்கேன் எடுக்கச் சொன்ன அன்றைக்கு நயினார்தான் சொன்னானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னா, அத யாரு சொன்னான்னு கேப்பீங்க."

முட்டுகிறது என்று எழுந்து போய்ச் சொன்னேன். உள்ளே குளிர். டாக்டர் இளம்பெண், சட்டையைத் தூக்குங்க சார், வேட்டியை இறக்கிக்கோங்க என்று சொல்லிவிட்டுப் பசையைப் பிழிந்தாள். அவள் கருவியை அழுத்தும்போது உயிர் போய் வந்தது. திரையில் மழைக்கால வானம் மாதிரி சாம்பல் நிறத்தில் எதுவோ நகர்ந்தது. என் ஊர், என் மொழி, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். நிறுத்தினாள், திரும்ப வந்தாள், அங்கேயே நின்றாள். லெப்ட் சைடு உங்களுக்கு டூப்ளெக்ஸ், யாராவது சொல்லியிருக்காங்களா என்றாள். இல்லை என்றேன். ரெண்டும் நல்லா இருக்கு, வீக்கம் இல்ல, கல் இல்ல, இது ஒரு அமைப்பு அவ்வளவுதான், சில பேருக்கு இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல, இவ்வளவு நாள் தெரியாமலே இருந்திருக்கீங்க பாருங்க என்று சிரித்தாள். ஆம், தெரியாமலேயே இருந்திருக்கிறேன். அடக்குற பழக்கம் இருக்கா சார், பை கொஞ்சம் பெருசா விரிஞ்சிருக்கு, அடக்கக்கூடாது. இப்ப பாத்ரூம் போய் முழுசாப் போயிட்டு வாங்க, இன்னொரு தடவை படுக்கணும். வேட்டியை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வயிற்றில் பசை காய்ந்து இழுத்தது. எனக்கும் இடது பக்கம். அவளுக்கும் இடது பக்கம். இந்த ஒன்றை மட்டும் நான் அவளுக்கு வாசகம் மாறாமல் கொடுத்திருக்கிறேன்.

கழிப்பறை நடைவழியின் கடைசியில். நாச்சியாரும் பிரமாச்சியும் அங்கேயே வந்து நின்றிருந்தார்கள். இருக்கு, இடது, நல்லாத்தான் இருக்கு என்று மூன்று சொல்லில் சொன்னேன். இதற்குமேல் தேய்க்க முடியாத வடிவம். அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. தென்காசி. ஆவுடையம்மாளால் பொறுக்க முடியவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது என்பதன்று, எப்படிச் சொன்னாலும் நாளைக்கு அது என்ன ஆகும் என்பதே யோசனை. நாச்சியார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கதவு ஒரு எட்டில் இருந்தது. திறந்துதான் இருந்தது. போகவில்லை. பாடுகிறவள் தொடங்கிவிட்டால் எழக்கூடாது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, மாட்டுக்காரர்களிடம் பேசும் அதே குரலில் பேசினாள். "அத்தை, அப்பாவுக்கும் இருக்கு. எனக்கு இருக்கற அதே எடத்துல. அறுபத்தேழு வயசு, நல்லா இருக்காங்க. எங்க பக்கம் பாத்தாச்சு. இனி நீங்களும் மாமாவும் எடுங்க, ஒங்க மகனையும் எடுக்கச் சொல்லுங்க. பாத்துட்டு நான் சொல்லுதேன்." அந்தப் பக்கம் என்ன வந்தது என்று எனக்குக் காதில் விழவில்லை. பதில் அடி வருகிறதா என்று நான் காத்திருந்தேன். களக்காட்டில், கல்லிடைக்குறிச்சியில், எத்தனை பந்தல்களில் அந்த இடைவெளியைக் கேட்டிருக்கிறேன், ஒரு மூச்சு, ஒரு வளையல் சத்தம், பிறகு எதிர்ப்பக்கத்துக்காரி எடுப்பாள், கூட்டம் சிரிக்கும். எடுக்கவில்லை. "வச்சிட்டாங்க" என்றாள். உடனே அவளுடைய போன் அவள் கைப்பைக்குள் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், நயினார் என்று சொல்லத் தேவையில்லை, அடிக்கட்டும் என்று மறுபடி உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். அது உள்ளேயே அடித்து அடித்து ஓய்ந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், ஏதாவது சொல்ல வேண்டும், எந்தச் சொல்லை எடுத்தாலும் அது கேள்வியாகத்தான் முடியும் போலிருந்தது. அவள் முந்திக்கொண்டாள். "போயிட்டு வாங்கப்பா. அடக்கக்கூடாது. நம்ம ரெண்டு பேருமே."

கதவைத் தாழிட்டேன். உடனே வரவில்லை, அடக்கியே பழகியது சொன்னவுடன் விடாது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். வெளியே பிரமாச்சியின் குரல் கேட்டது. முழங்கால்காரிக்குக் காதும் மந்தம், பக்கத்தில் நின்றும் பிடிபடவில்லை போலும். என்னட்டி சொன்ன அவகிட்ட என்றாள். நாச்சியார் சத்தமாகச் சொன்னாள்: எங்க பக்கம் பாத்தாச்சு, இனி நீங்க எடுங்க, பாத்துட்டு நாங்க சொல்லுதோம்னு அந்தம்மாகிட்டச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாயிலிருந்து அதே வாய்க்குள் போய்த் திரும்புவதற்குள், சுருங்கியது போக, இரண்டு இடத்தில் மாறியிருந்தது. முதல் வடிவத்தில் தலையில் நின்ற 'அத்தை' விழுந்துவிட்டது. அங்கே இப்போது ஓர் அந்தம்மா நிற்கிறாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வடிவத்தில் 'நான்' என்று இருந்தது 'நாங்க' ஆகியிருக்கிறது. அந்த நாங்களுக்குள் என்னையும் வைத்திருக்கிறாளா, வெறும் வாய்ப்பழக்கமா, அறிந்து செய்ததா, அறியாமல் வந்ததா; கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லால் பிடித்துக்கொண்டேன். அப்போது வயிறு தன் பாட்டுக்கு இளகி, இரண்டு வழியாக இறங்கியதெல்லாம் ஒரே வழியாக, எரிந்துகொண்டு, போகத் தொடங்கியது.